பின்சக்கர இயக்கப் பிக்கப்பின் முன்பக்கத்தைச் சமன் செய்தல்: எவ்வளவு உயர்த்தலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

அச்சாணி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்ட பிக்கப். முன்பக்கம் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் ஆர்ம்கள் மேலே ஒன்றும் கீழே ஒன்றும், நடுவில் ஸ்பிரிங்கும் அதன் அதிர்வைத் தணிக்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். பின்பக்கம் கமான் பட்டைகள். சக்கர இடைவெளி (முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை) 3,500 மி.மீ. காலி வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் மூக்கு தாழ்ந்தும் பின்பக்கம் தூக்கியும் நிற்கிறது. இதைச் சமன் செய்ய விரும்புகிறேன்.

சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்ததில் முன் இடது 480, முன் வலது 486, பின்பக்கம் இரண்டும் ஏறத்தாழ 545 மி.மீ. வருகின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் 60 மி.மீ. வித்தியாசம் இருப்பதால், ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசர் என்னும் இடைக்கட்டையால் முன்பக்கத்தை அதே 60 மி.மீ. உயர்த்திவிடலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று ஐயங்கள் உள்ளன. முன்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் அச்சுத்தண்டு இந்த வண்டியில் இல்லை. அதனால் நான்கு சக்கர இயக்க வண்டிகளைவிட இதைத் தாராளமாக உயர்த்தலாம் என்கிறார்களே, அது சரியா? உயர்த்தினால் ஓட்டம் கடினமாகுமா? மாதம் இரண்டு முறை டிரெய்லர் இழுக்கிறேன். அதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

மண்சாலை

நண்பரே, ஸ்பேசர் வாங்குவதற்கு முன் என் அனுபவத்தைக் கேளுங்கள். என் வண்டியும் இதே அமைப்புதான். ஒரு பணிமனையில் 50 மி.மீ. உயர வேண்டும் என்று சொன்னேன். அவர்கள் 50 மி.மீ. கனமுள்ள ஸ்பேசரையே ஸ்ட்ரட்டின் தலையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இறக்கி நிறுத்தி அளந்தபோது வண்டி 86 மி.மீ. உயர்ந்திருந்தது. அப்போது நான் அதைத் தவறு என்று உணரவில்லை; கூடுதலாகக் கிடைத்ததாகவே எண்ணிக்கொண்டேன்.

வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் முன்னாலிருந்து உலோகம் உலோகத்தில் மோதும் ஒலி வந்தது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால், மேல் ஆர்ம் ஸ்பிரிங் சுற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பெயிண்ட் உரிந்து, விரல் நகம் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. சில மாதங்களில் ஆர்மின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் மேல் பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்தது. அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) செய்பவர் அதற்கான கேம் போல்ட்டுகளை முழுவதும் திருப்பியும் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், அளவுக்குள் வரவில்லை. இரண்டு முன் டயர்களின் வெளி ஓரமும் தேய்ந்து மழுங்கிவிட்டது. அச்சுத்தண்டு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பால் ஜாயிண்ட் இருக்கிறது, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் இருக்கிறது, பிரேக் எண்ணெய் போகும் ஹோஸ் இருக்கிறது.

நெம்புகோல்

மண்சாலை அவர்களின் வண்டியில் நடந்தது நெம்புகோல் கணக்கு. ஸ்ட்ரட்டின் கீழ்முனை சக்கரத்தில் பூட்டப்படவில்லை; கீழ் ஆர்மின் நடுப்பகுதியில், சேஸிஸுக்கும் பால் ஜாயிண்டுக்கும் இடையே ஏதோ ஓரிடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சக்கரம் 100 மி.மீ. நகர்ந்தால் ஸ்ட்ரட் ஏறத்தாழ 50 முதல் 65 மி.மீ. வரைதான் நகரும். இந்த விகிதம் 0.58 என்று வைத்துக்கொண்டால், தலையில் வைத்த 50 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் 50-ஐ 0.58-ஆல் வகுத்த அளவு, அதாவது 86 மி.மீ., உயரத்தைத் தரும். அவர் அளந்ததும் அதுவே. ஸ்பேசரின் கனமும் வண்டி உயரும் அளவும் ஒன்றல்ல. பெட்டியின் மேல் எழுதியிருப்பது இரண்டில் எது என்பதை உறுதி செய்யாமல் யாரும் பூட்டக்கூடாது.

அச்சாணி அவர்களே, உங்கள் 60 மி.மீ. என்ற தொடக்க எண்ணையே நான் ஏற்கமாட்டேன். மட்கார்டின் முன் வளைவும் பின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை அல்ல; தோற்றத்துக்காக வடிவமைப்பாளர் வெட்டிய கோடுகள் அவை. முன்பக்கம் செய்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட அந்த அளவு மிகவும் நல்லது, ஏனென்றால் டயரின் காற்றும் தேய்மானமும் அதில் கலப்பதில்லை. ஆனால் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்குச் சேஸிஸைத்தான் கேட்க வேண்டும். கதவுகளுக்குக் கீழே சேஸிஸ் சட்டம் நேராக ஓடும் பகுதியில், 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, சமதளத் தரையிலிருந்து இரண்டின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள்.

அளக்கும் முன் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபாருங்கள். எரிபொருள் தொட்டி எப்போதும் ஒரே அளவில் இருக்கட்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியை அப்படியே அளக்காதீர்கள். சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டு நிற்பதால் வண்டி உயரமாகவே காட்டும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, முன்னால் நாலைந்து முறை அழுத்தி விட்ட பிறகுதான் அளவு நிலைக்கு வரும்.

முன் இடதும் வலதும் 6 மி.மீ. மாறுபடுவதைப் பார்த்து இடது பக்கம் மட்டும் கனமான ஸ்பேசர் வைக்க வேண்டாம். சேஸிஸ் விறைப்பான சட்டம். பின் இடது கமான் பட்டை சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்தச் சாய்வு முன்னால் வந்து தெரியும்.

சுருள்வில்

ஓட்டம் கடினமாகுமா என்ற கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இதில் பல ஆண்டுகளாக ஒரு தவறான கருத்து சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஸ்பேசர் இரண்டு இடங்களில் வைக்கப்படுகிறது. ஒன்று ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸிஸ் கோபுரத்துக்கும் இடையே, ஸ்ட்ரட்டைத் திறக்காமலே. மற்றொன்று ஸ்ட்ரட்டைத் திறந்து, ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் தட்டுக்கும் இடையே. இரண்டாவது முறையில் ஸ்பிரிங் முன்பைவிட அழுந்துவதால் அது கடினமாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். வண்டி தரையில் நிற்கும்போது ஸ்பிரிங் தாங்குவது வண்டியின் எடையை மட்டும்தான். எடை மாறாதவரை ஸ்பிரிங் அழுந்தும் அளவும் மாறாது. மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், ஸ்பேசர் வைத்த பிறகும் மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன்தான். மாறுவது ஷாக்கின் உலக்கைத்தண்டு நிற்கும் இடம்.

ஒரு சக்கரத்துக்கு மொத்தம் 200 மி.மீ. பயணம் இருக்கிறது, அதில் மேல்நோக்கி 110, கீழ்நோக்கி 90 என்று கொள்வோம். ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தில் 25 மி.மீ. உயர்த்தினால் மேல்நோக்கி 135 ஆகிறது, கீழ்நோக்கி 65 மிஞ்சுகிறது. அது தாங்கக்கூடியது. இதே முறையில் 86 மி.மீ. உயர்த்தினால் கீழ்நோக்கிப் பயணம் வெறும் 4 மி.மீ.தான். சாலையில் சிறு பள்ளம் வந்தாலும் சக்கரம் இறங்க இடமில்லாமல் ஷாக் தன் எல்லையில் இழுபட்டு நிற்கும். அந்த இழுப்பைத்தான் ஓட்டுபவர் கடினம் என்று உணர்கிறார். ஸ்பிரிங்கின் மேல் பழி போடுவது தவறு.

தலையில் வைக்கும் ஸ்பேசர் கதை வேறு. அதில் ஷாக்கின் பயணம் அப்படியே இருக்கிறது; ஆனால் மொத்தப் பயணமும் கீழே தள்ளப்படுகிறது. சக்கரம் முழுவதும் தொங்கும்போது, தயாரிப்பாளர் எண்ணியதைவிட அதே அளவுக்குக் கூடுதலாகக் கீழே போகும். மேல் ஆர்ம் ஸ்பிரிங்கைத் தொடுவதும் பால் ஜாயிண்ட் தன் கோண எல்லையைத் தாண்டுவதும் இங்கேதான். மறுமுனையிலும் ஒரு சிக்கல் உண்டு. சக்கரம் மேலே போகும்போது ஸ்ட்ரட் முன்பைவிடச் சீக்கிரம் முழுமையாக அழுந்திவிடும். மேல் எல்லையில் மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் ஸ்ட்ரட்டின் தண்டிலேயே இருந்தால் அது காப்பாற்றும். சில வண்டிகளில் அது சேஸிஸில் தனியாக, கீழ் ஆர்ம் வந்து மோதும்படி வைக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கனமான ஸ்பேசர் வைத்தால், ஆர்ம் ரப்பரைத் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளே அடித்தளத்தில் மோதும்.

அச்சாணி

இரண்டு பதிவுகளையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அளந்தேன். மிக்க நன்றி.

சேஸிஸ் சட்டத்தில் முன்புள்ளி 420 மி.மீ., பின்புள்ளி 442 மி.மீ. அதாவது 2,000 மி.மீ. நீளத்துக்கு 22 மி.மீ. ஏற்றம். சக்கர இடைவெளியான 3,500 மி.மீ.க்குக் கணக்கிட்டால் 38.5 மி.மீ. வருகிறது. மட்கார்டை நம்பி 60 உயர்த்தியிருந்தால், காலி வண்டியிலேயே மூக்கு 20 மி.மீ.க்கு மேல் தூக்கி நின்றிருக்கும்.

நெம்புகோல் விகிதத்தையும் கண்டுபிடித்தேன். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ் ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைத்து, சக்கரத்தை 50 மி.மீ. உயர்த்தினேன். ஸ்ட்ரட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரம் 29 மி.மீ. குறைந்தது. விகிதம் 0.58.

இப்போது என் கேள்வி: 38 மி.மீ. உயர்த்தினால் சரியாகச் சமனாகிவிடும் அல்லவா?

இழுவை

காலி வண்டி சமனாகும். உங்கள் டிரெய்லரைப் பூட்டியவுடன் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள்.

பிக்கப்பின் பின்பக்கம் உயர்ந்திருப்பது சுமைக்காகத் தயாரிப்பாளர் முன்கூட்டியே ஒதுக்கி வைத்த இடம். டிரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்தும் எடை, வழக்கமாக டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். உங்களுடையது 200 கிலோ என்றும், கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு வண்டி ஏற்றம் இறைப்பதுபோல் செயல்படுகிறது. முன் சக்கரங்களிலிருந்து 200 பெருக்கல் 1.2 வகுத்தல் 3.5, அதாவது ஏறத்தாழ 69 கிலோ குறைகிறது. பின் அச்சில் 269 கிலோ கூடுகிறது.

உயரத்தில் இது எவ்வளவு? முன் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் என்றால், சக்கரத்தில் அது 0.58-இன் வர்க்கத்தால் பெருக்கப்பட்டு ஏறத்தாழ 34 நியூட்டனாகக் குறைகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் 67. அதன்படி முன்பக்கம் 10 மி.மீ. உயரும். பின் கமான் பட்டைகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் என்று எடுத்தால் பின்பக்கம் 33 மி.மீ. தாழும். மொத்தம் 43 மி.மீ. உங்களிடம் இருக்கும் சாய்வு 38.5. ஆக, எதையும் மாற்றாத வண்டியே டிரெய்லருடன் மூக்கைச் சற்றுத் தூக்கி நிற்கிறது. இதன் மேல் நீங்கள் இன்னும் 38 மி.மீ. சேர்த்தால், ஸ்டியரிங் இலேசாகி, ஈரச் சாலையில் முன் டயர்களின் பிடிப்பு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

என் கணக்கை நம்ப வேண்டாம். டிரெய்லரைப் பூட்டி, அதே நான்கு இடங்களில் அளந்து பாருங்கள்.

தாழ்நடை

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதிலாகப் பின்பக்கத்தை இறக்கிவிடலாமே? அச்சின் மேல் கமான் பட்டை அமர்ந்திருக்கும் வண்டியில், இடையில் ஒரு கட்டை இருந்தால் அதை எடுத்தாலே போதும். முன்பக்கத்தின் வடிவக்கணக்கு எதுவும் மாறாது. நான் அப்படித்தான் செய்தேன். வண்டியின் ஈர்ப்பு மையமும் தாழ்ந்தது.

இழுவை

சுமையே ஏற்றாதவர்களுக்கு அது நேர்மையான வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சாணி சுமை இழுப்பவர். பின்பக்கத்தை இறக்கினால், சுமை வரும்போது அழுந்துவதற்கு வைத்திருந்த இடத்தைத்தான் அவர் எடுத்துக்கொள்கிறார். அச்சு பம்ப் ஸ்டாப்பில் போய் மோதும்.

இன்னொன்று பிரேக் சார்ந்தது. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பல பிக்கப்களில், குறிப்பாகச் சற்றுப் பழையவற்றில், பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கம்பியோடு இணைந்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று கொண்டு, பின் பிரேக்குகளுக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. காலி வண்டியை இறக்கிவைத்தால் அந்த வால்வு ஏமாறுகிறது. அவசரமாகப் பிரேக் போடும்போது எடையில்லாத பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் திரும்பும். இறக்குபவர்கள் அந்தக் கம்பியின் நீளத்தையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

முறுக்குத்தண்டு

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் வண்டியும் பின்சக்கர இயக்கம்தான், ஆனால் முன்பக்கம் ஸ்பிரிங் சுருளே இல்லை. நீளவாக்கில் டார்ஷன் பார்கள், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டுகள், உள்ளன. சரிசெய்யும் போல்ட்டை முறுக்கினாலே உயர்கிறது. இதில் ஸ்பேசர் தேவையில்லை அல்லவா?

சுருள்வில்

தேவையில்லை. ஆனால் மேலே சொன்ன பயணக் கணக்கு அப்படியே பொருந்தும். போல்ட்டை முறுக்குவது தண்டின் விறைப்பைக் கூட்டுவதில்லை. ஆர்ம் நிற்கும் இடத்தைத்தான் மாற்றுகிறது. மேல் ஆர்முக்கும் அதன் தொங்கல் ரப்பருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பாருங்கள். அது ரப்பரிலேயே படுத்துவிட்டால் முறுக்கியது அதிகம். முறுக்கும்போதும் சக்கரம் காற்றில் தொங்கட்டும். வண்டி எடையோடு அந்தப் போல்ட்டைத் திருப்பினால் மரை தின்றுவிடும்.

பாகம் வாங்கும் எல்லோருக்கும் ஒரு குறிப்பு. ஒரே பெயர் கொண்ட வண்டியிலேயே இயக்கத்தைப் பொறுத்து முன்பக்கம் மாறும். 1999-இல் வந்த செவ்ரோலெட் சில்வரடோ 1500-இல் இரு சக்கர இயக்கத்துக்குச் சுருள் ஸ்பிரிங், நான்கு சக்கர இயக்கத்துக்கு டார்ஷன் பார். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் பூட்டவே முடியாது.

பழைய இரும்பு

என்னுடையது இன்னும் வேறு: ஃபோர்டு 1965-இல் எஃப் வரிசைப் பிக்கப்களில் கொண்டுவந்த இரட்டை ஐ-பீம் அமைப்பு. ஒவ்வொரு முன் சக்கரமும், வண்டியின் மறுபக்கத்தில் கீல் வைத்த நீண்ட பீமின் முனையில் இருக்கிறது. உறுதியில் இதற்கு ஈடில்லை. ஆனால் உயரம் மாறினால் கேம்பர் அப்படியே மாறும். பீமின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர் என்றால், 25 மி.மீ. உயர்த்துவது சக்கரத்தை 1.4 பாகை வெளிப்பக்கம் சாய்க்கிறது. ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைப்பது அரை நாள் வேலை. பிறகு பால் ஜாயிண்டில் உள்ள கேம்பர் புஷ்ஷை, தேவைப்பட்டால் வேறு கோணத்துடையதாக மாற்றி, அலைன்மென்ட் செய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். நான் ஒரு வாரம் ஓட்டினேன். டயர் வெளி ஓரம் இறகுபோல் கிளம்பிவிட்டது.

மண்சாலை

இரு சக்கர இயக்க வண்டிக்கே உரிய ஒரு நல்ல வழியையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அச்சுத்தண்டு இல்லாததால், சக்கரம் சுழலும் ஸ்பிண்டிலையே தாழ்வான இடத்தில் வைத்து வார்த்த நக்கிள்கள் (சக்கரத்தை ஆர்ம்களோடு இணைக்கும் பாகங்கள்) சில வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. ஆர்ம்களின் கோணமும் ஸ்ட்ரட்டின் நீளமும் மாறாமலே வண்டி உயரும். வடிவக்கணக்கைக் காப்பாற்றுவதில் இதுதான் மேலானது. ஆனால் இவை பெரும்பாலும் 3 அங்குலமோ அதற்கு மேலோ உயர்த்துவதற்காகச் செய்யப்பட்டவை. 25, 30 மி.மீ. சமன் செய்ய இதைத் தேடிப் போவது பொருத்தமில்லை.

அச்சாணி

டிரெய்லரைப் பூட்டி அளந்தேன். பின்பக்கம் 31 மி.மீ. தாழ்ந்தது, முன்பக்கம் 9 மி.மீ. உயர்ந்தது. நண்பர் இழுவையின் கணக்குக்கு மிக நெருக்கம். சமனான மேடையில் நின்ற வண்டியின் மூக்கு அப்போதே சமனைத் தாண்டி இம்மியளவு தூக்கி நின்றது. இத்தனை நாள் கவனிக்கவில்லை.

எனவே முழுச் சமன் என்ற எண்ணத்தைக் கைவிடுகிறேன். முன்பக்கத்தை 25 மி.மீ. மட்டும் உயர்த்தி, காலி வண்டியில் 13 மி.மீ. சாய்வை மிச்சம் வைக்கிறேன். டிரெய்லர் பூட்டும் நாள்களில் எடையைப் பகிரும் கொக்கி அமைப்பைப் பயன்படுத்தி, முன் சக்கரங்கள் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவருவேன். 25 பெருக்கல் 0.58, ஏறத்தாழ 14.5, ஆகவே 15 மி.மீ. ஸ்பேசர், ஸ்ட்ரட்டின் தலையில்.

நெம்புகோல்

நல்ல முடிவு. தலையில் வைப்பதால் ஸ்பிரிங்கைத் திறக்க வேண்டியதில்லை; அதுவே பெரிய பாதுகாப்பு. ஸ்ட்ரட் மேசையில் கிடக்கும்போதும் அதன் ஸ்பிரிங் 40 மி.மீ. அளவுக்கு அழுந்தியே இருக்கும். மேல் நட் ஒன்றுதான் அந்த 4,000 நியூட்டனை, ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமமான விசையை, பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் உள்ள அந்த நட்டைத் தவறியும் தொடாதீர்கள். சுற்றியுள்ள மூன்று நட்டுகளைத்தான் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் உள்ள வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: கீழ் ஆர்மை இறக்கும்போது ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சேஸிஸோடு கட்டி, எதிரில் நிற்காமல் வேலை செய்யுங்கள்.

ஸ்பேசர் வைத்த பிறகு ஸ்டட் போல்ட்டுகள் நட்டின் முழு மரைக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 15 மி.மீ. கனத்துக்குப் பழைய ஸ்டட் எட்டாமல் போகலாம். நீளமானதை மாற்றுங்கள், பாதி மரையில் பூட்டி விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் தவறவிடுவது. ஆர்ம்களின் உட்புற முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஆர்ம் அசைகிறது. சக்கரம் தொங்கும்போது அந்தப் போல்ட்டுகளை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் ரப்பர் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். உயரமும் பொய்யாகக் கூடுதல் காட்டும். அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, வண்டியை இறக்கி, உருட்டி, எடை முழுவதும் சக்கரத்தில் நிற்கும்போது பணிமனைக் கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்குவிசையில்) இறுக்குங்கள்.

இரவுப்பயணி

ஹெட்லைட்டை யாரும் சொல்லவில்லையே. 3,500 மி.மீ. சக்கர இடைவெளிக்கு முன்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தால் வெளிச்சம் 0.7 சதவீதம் மேல்நோக்கித் திரும்புகிறது. 10 மீட்டர் தூரத்தில் அது 71 மி.மீ. தாழ்விளக்கு வழக்கமாக ஏறத்தாழ 1 சதவீதம் கீழ்நோக்கித்தான் வைக்கப்படுகிறது. அந்தச் சரிவில் பெரும்பகுதியை நீங்கள் தின்றுவிடுகிறீர்கள், 50 மி.மீ. உயர்த்தியவர்கள் முழுவதையும் தின்று, எதிரே வருபவரின் கண்ணுக்கே வெளிச்சத்தை அனுப்புகிறார்கள். எதிரே சிறு வண்டியில் வந்து கண் கூசிப்போனவன் என்ற முறையில் கேட்கிறேன், இதை அலைன்மென்டுக்கு இணையான வேலையாகக் கருதுங்கள்.

மாற்றத்துக்கு முன்பே சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தையும் வெளிச்சக் கோட்டின் உயரத்தையும் சுவரில் நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய விளக்கு உயரத்திலிருந்து அதே அளவு கீழே கோடு விழும்படி திருகை வைத்துச் சரிசெய்யுங்கள். முன்னால் ராடார் அல்லது கேமரா உள்ள வண்டி என்றால் அவற்றையும் மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும்.

அச்சாணி

வேலை முடிந்தது. நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்தி, இடது வலது ஆர்ம்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புகளை இரண்டு பக்கமும் கழற்றிய பிறகே கீழ் ஆர்ம் தேவையான அளவு இறங்கியது. ஏபிஎஸ் கம்பியின் கிளிப்பைக் கழற்ற மறந்து ஒரு கணம் அது விறைத்துவிட்டது, நல்லவேளையாகப் பார்த்துவிட்டேன். பழைய ஸ்டட்டில் நட் மூன்று மரைகூடப் பிடிக்கவில்லை, நீளமானவற்றை மாற்றினேன். பூட்டியபின் சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு, மேல் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே விரலை நுழைத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் தாராளமாகப் போனது. ஸ்டியரிங்கை இரு எல்லைகளுக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் தளர்வாகவே இருப்பதையும் உறுதி செய்தேன்.

இறக்கி உருட்டி அளந்தபோது முன் இடது 505, முன் வலது 512. அந்த 6 மி.மீ. சாய்வின் காரணம் பின்னாலேயே இருந்தது. பின் இடது கமான் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்திருந்தது. அடுத்த வாரம் மாற்றுகிறேன்.

அலைன்மென்டில் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) 3.4 பாகையிலிருந்து 2.9-க்கு இறங்கியிருந்தது, கேம்பர் 0.4 பாகை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அதிகம் மாறியிருந்தது டோதான், அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு. கேம் போல்ட்டுகளில் பாதித் திருப்பிலேயே கேம்பர் சுழியத்துக்கும் கேஸ்டர் 3.2-க்கும் வந்தன. பிறகு டோவைச் சரிசெய்தார்கள். ஸ்டியரிங் முன்போலவே தானாக நேருக்குத் திரும்புகிறது.

மண்சாலை

அந்த விரல் நுழைந்த இடைவெளியை ஒரு படம் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங் காலப்போக்கில் சற்று அமரும்போது ஒப்பிட உதவும். கேம் போல்ட்டில் இன்னும் பாதித் திருப்பு மிச்சமிருப்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. என் வண்டியில் அது சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது.

அச்சாணி

1,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மீண்டும் பார்த்தேன். ஸ்ட்ரட் தலையில் இருந்த நட்டுகளில் ஒன்று டார்க் ரென்ச்சில் கால் திருப்பு இறங்கியது, மற்றவை அசையவில்லை. முன் உயரம் இரண்டு பக்கமும் 2 மி.மீ. அமர்ந்திருக்கிறது. டயரின் உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் தடத்தின் ஆழம் ஒன்றாகவே இருக்கிறது. நேற்று டிரெய்லரை எடைப் பகிர்வுக் கொக்கியுடன் பூட்டி அளந்தேன்: முன்பக்கம் காலி உயரத்திலிருந்து 3 மி.மீ. மட்டுமே உயர்ந்தது. சுவரில் ஒட்டிய நாடாவை எடுக்காமல் வைத்திருக்கிறேன்; பின் புஷ்ஷை மாற்றியதும் ஹெட்லைட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.